அனுப்பக் காத்திருந்த இரங்கல்கள்

எங்கள் குடும்பத்தில் யாராவது செத்துப்போனால், செத்தவருக்கு அடுத்தபடியாக அந்தச் செய்தி தெரிந்துவிடுவது என் அத்தானுக்குத்தான். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நேரில் அத்தான், முதுகுக்குப் பின்னால் இரங்கலார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் வீட்டில் மணியோசைக்கும் முன்னால் இரங்கலாரின் மின்னஞ்சல் வந்துவிடும்.

தண்ணீர் பம்ப் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவின் தலைமை எழுத்தராக இருந்தார். தொழிலாளி யாராவது இறந்தாலோ, தொழிலாளியின் அப்பா அம்மா இறந்தாலோ எல்லாப் பிரிவுகளுக்கும் இரங்கல் அனுப்புவது அவருடைய வேலைகளில் ஒன்று. ஒருமுறை கூட்டத்தில் மேலாளர் வாய் தவறிப் பாராட்டிவிட்டார். "நம்ம கம்பெனியிலயே முதல்ல ஆறுதல் சொல்றவர் இவர்தான்" என்று. அந்த ஒரு வாக்கியம் மனிதரைக் கெடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் சரி, பதவி உயர்விலும் சரி, வாழ்நாளில் எதிலுமே முதலாவதாக வராதவர். தான் ஜெயிக்கக்கூடிய பந்தயம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பயிற்சி எடுக்க ஆரம்பித்தார்.

பயிற்சி என்றால், ஆள் சாவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது.

அதற்குத் தோதாக அமைந்தது புறா. அவருடைய கணினியில் இருந்த மின்னஞ்சல் நிரலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அதன் சின்னம் அலகில் கடிதம் கவ்விய ஒரு சாம்பல் புறா. அதைத் தயாரித்த நிறுவனம் கடையை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. அத்தானுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. புறாவில் கடிதத்தை எழுதி, முகவரி போட்டு, வரிசையில் நிறுத்திவிடலாம். 'கேட்டால் மட்டும் அனுப்பு' என்று ஒரு தேர்வு உண்டு. அதை வைத்துவிட்டால் கடிதங்கள் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு நிற்கும். நாள் வந்ததும் தேதியைப் போட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். வரிசையில் நிற்பவற்றுக்கு வண்ணமும் பூசலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குச் சிவப்பு. எண்பதைத் தாண்டியவர்களுக்கு மஞ்சள். மற்றவர்களுக்குப் பச்சை. எங்கள் சொந்தபந்தம் முழுவதும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் தங்களுக்கே தெரியாமல் பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு இது தெரியும். தெரியும் என்ன, உதவியே செய்வாள். காலைப் பத்திரிகையைப் படிக்கும் நேரத்தில் அவர் கேட்பார்:

"உங்க பெரியப்பாவுக்கு வயசு என்ன ஆகுது?"

"எண்பத்திரண்டு."

"நல்ல குணம் ஏதாவது சொல்லு."

அக்கா கொஞ்சம் யோசிப்பாள். "சாப்பிடும்போது சத்தம் வராது."

"அது பத்தாது. வேற?"

"வேற ஒண்ணும் ஞாபகம் வரலையேங்க."

ஞாபகம் வராவிட்டால் 'எளிமையின் உருவம்' என்று போட்டுவிடுவார். எங்கள் குடும்பத்தில் நல்ல குணம் அகப்படாதவர்கள் அத்தனை பேரும் எளிமையின் உருவங்கள்.

எனக்கு இந்த விஷயம் தெரியவந்தது எங்கள் அப்பா போனபோது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருக்கிறேன், அழுகைகூட வரவில்லை, அதற்குள் கைபேசியில் அத்தானின் மின்னஞ்சல் வந்துவிட்டது. 'நீண்டகாலம் நோயுடன் போராடி அமைதியடைந்தார்' என்று எழுதியிருந்தது. எங்கள் அப்பாவுக்குத் தலைவலி என்றால்கூட என்னவென்று தெரியாது. நோயில்தான் போவார் என்று அத்தான் போட்டு வைத்திருந்த கணக்கு தப்பிவிட்டது. திருத்த மறந்துவிட்டார்.

அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "அவர் மனசுல ஒண்ணுமில்லடி. எந்த வேலையும் முன்கூட்டியே முடிஞ்சிருக்கணும் அவருக்கு. அவ்வளவுதான்" என்றாள். அது அவளுக்கும் அப்பா. வயதைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். எனக்கு அன்றைக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைதான், அக்காவின் சிறுநீரகம் கெடாமல் இருந்திருந்தால்.

முதலில் பாதம் வீங்கியது. பிறகு முகம். டாக்டர் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். முடிவுகளும், அடுத்து என்ன செய்யவேண்டும் என்ற டாக்டரின் குறிப்புகளும் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் வரும், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அத்தானின் கணினியில் அந்தத் தளம் திறக்கவில்லை. 'உங்கள் இயங்குதளம் மிகவும் பழையது, புதுப்பித்துக்கொள்ளவும்' என்று ஒரே ஒரு வரி வந்து நிற்கும். புதுப்பிக்கலாம். புதுப்பித்தால் புறா ஓடாது.

அப்படியொரு சங்கடம். ஒரு பக்கம் மனைவியின் சிறுநீரகம், இன்னொரு பக்கம் புறா. எந்த மனிதனுக்கும் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அத்தான் மாதக்கணக்கில் யோசித்தார்.

"என் ஃபோன்ல பாத்துடலாம் அத்தான், பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"வீட்டு விஷயம் வெளியில போகவேண்டாம்மா."

நான் வெளியாம். அவளோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். அவரிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைபேசி. அக்காவுக்கு அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்தபோது 'தொலைபேசியில் அழைக்க வேண்டாம், மின்னஞ்சல் போதும்' என்ற கட்டத்தில் குறி போட்டவரும் அவர்தான். 'உங்களுக்கு ஒரு குறிப்பு வந்துள்ளது, தளத்தில் பார்க்கவும்' என்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அஞ்சல்களைப் புறாவில் 'பிறகு' என்று ஒரு பெட்டி செய்து அதில் போட்டு வைத்தார். பரிசோதனை முடிவு வேண்டுமென்றால் அக்கா வீங்கின காலோடு பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரி ஜன்னலில் வரிசையில் நின்று அச்சடித்து வாங்கிக்கொண்டு வருவாள். முடிவுதான் கிடைக்கும். டாக்டரின் குறிப்பு அதில் இருக்காது. அது அவளுக்கும் தெரியாது.

அத்தான் சும்மா இருந்தார் என்று சொல்லமாட்டேன். பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இயங்குதளமாகப் பார்த்தார். பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து புதிய மின்னஞ்சல் நிரல்களை எல்லாம் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை. இதில் எழுத்து சின்னது. அதில் வரிசை இல்லை. இன்னொன்றில் வரிசை உண்டு, வண்ணம் இல்லை.

"மொத்தத்துல புதுசுல எதுலயும் ஒரு மரியாதை இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கா காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டாள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், அந்த மாதிரி வீக்கம்.

நான் ஒரு பல் மருத்துவரின் ஆய்வகத்தில் பொய்ப்பல் செட் செய்கிறேன். வேலை முடிந்து போகும் வழியில் அக்காவை எட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் மாலை போனபோது அவள் படுத்திருந்தாள், அத்தான் குளித்துக்கொண்டிருந்தார், புறா திறந்து கிடந்தது. எனக்கு என்ன வண்ணம் என்று பார்க்கும் ஆசையில் உட்கார்ந்தேன். பச்சை. நான் போய்விட்டதாக என் கணவருக்கு எழுதிய இரங்கல். நானும் எளிமையின் உருவம்தானாம். சிரித்துக்கொண்டே மேலே நகர்த்தினேன். சிவப்பில் முதலாவதாக நின்றது 'என் அன்பு மனைவியின் மறைவு'. பெறுநர் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று போட்டிருந்தது. சொந்தக்காரர்கள், தொழிற்சாலை நண்பர்கள் என்று எல்லோருடைய முகவரியையும் சேர்த்து அவர் செய்து வைத்திருந்த தொகுப்பின் பெயர் அது.

முழுவதும் படித்தேன். படித்த பிறகு அவளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்றைக்கு அத்தான் என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். பாதி வழியில் சொன்னேன்:

"அத்தான், அக்கா இன்னும் உயிரோட இருக்கா."

எதைப் பற்றிப் பேசுகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

"தயாரா இருக்கிறது தப்பா? தீயணைப்பு வண்டி நிக்குதுன்னா, வீடு எரியட்டும்னா நிக்குது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த நாள் வந்தா எனக்குக் கை ஓடாது. ஒரு வரி எழுத வராது. அதான் இப்பவே" என்றார்.

ஒரு நிமிஷம் மனம் இளகிவிட்டது. அடுத்த நிமிஷம் நான் படித்த வரி நினைவுக்கு வந்தது.

"'கடைசி மாதங்களில் இரவும் பகலும் அருகிலேயே இருந்து கவனித்துக்கொண்டேன்'னு போட்டிருக்கீங்களே. எந்த ராத்திரி இருந்தீங்க? எந்தப் பகல்? அவ தனியா பஸ்ஸுல போய் ரிப்போர்ட் வாங்கிட்டு வரா."

"அது... அந்தச் சமயம் வந்தா இருப்பேன்."

"அவ கண்ணுல பட்டா அன்னைக்கே செத்துருவா. அழிச்சிடுங்க."

"சரிம்மா. எடுத்துடறேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கடைசியில் வழி காட்டியவர் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர். யாரைப் பார்த்தாலும் சலித்துக்கொள்ளும் மனிதர், ஆனால் கைவேலை சுத்தம். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து பார்த்து, இலவசமாகக் கிடைக்கும் வேறொரு இயங்குதளம் இருக்கிறது, அதைப் போட்டால் ஆஸ்பத்திரித் தளமும் திறக்கும், பழைய நிரல்களையும் ஓட்டலாம் என்றார்.

"உங்க புறாவுக்குப் பழைய கூண்டு மாதிரியே உள்ள ஒரு கூண்டு செஞ்சு வைக்கலாம் சார். வீடு மாறினதே அதுக்குத் தெரியாது."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, நான் பார்த்தேன். ஆரம்பத்தில் டாக்டர் அக்காவின் வீங்கின பாதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபோதுகூட வறண்டு கிடந்த கண் அது.

மாற்றுவதற்கு ஒரு விடுமுறை நாள் காலையைக் குறித்தார்கள். நானும் போயிருந்தேன். அக்கா சாய்வு நாற்காலியில், காலடியில் தலையணை. கடைக்காரர் புறாவின் பெட்டிகளை எல்லாம் பிரதி எடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டார்:

"அனுப்பாம ஏதாவது நிக்குதா சார்? நின்னா திறந்து காட்டுங்க, பாத்துடலாம்."

"நிக்குமே" என்று அக்கா வாயைத் திறந்தாள். "என்னங்க, நம்ம அந்த..."

"ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வரிசையைத் திறந்து காட்டினால் சிவப்பில் முதலாவதாக அது நிற்கும், அக்கா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் 'இல்லை' என்று சொல்கிறார், காட்டாமலே போய்விடும், நல்லதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஏன் கேட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மதியத்துக்கு முன் எல்லாம் முடிந்தது. புதிய திரை பளிச்சென்று வந்தது. அதன் மூலையில் பழைய சாம்பல் புறா. அத்தான் கைக்குழந்தையைத் தொடுகிற மாதிரி அதைத் தொட்டுத் திறந்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரி பாத்துடலாமாங்க?" என்றாள் அக்கா.

"இது பாட்டுக்குப் பின்னால நிக்கட்டும்" என்று அத்தான் புறாவின் ஜன்னலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரித் தளத்தைத் திறந்தார். முதல் தடவையாகத் திறந்தது. கடைக்காரர் நாற்காலியைத் திரையின் முன்னால் இழுத்துப் போட, அக்கா மெல்ல எழுந்து வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டாக்டரின் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

"'டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டும். குடும்பத்தினருடன் வரவும்.' 'நினைவூட்டல்.' 'மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்ய இதுவே நல்ல சமயம். உடனே வரவும்.' 'நினைவூட்டல்.' 'பதில் இல்லை. பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'"

கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். எனக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

அப்போது என் கைபேசி அடித்தது. எடுத்தால் என் கணவர். குரல் உடைந்திருந்தது. "அக்கா எப்போ...? நீ அங்கதான இருக்க? எனக்கு ஒரு ஃபோன் பண்ணக்கூடாதா?" நான் என்ன ஏது என்று கேட்பதற்குள், "உனக்கும் என்னமோ ஆயிடுச்சுன்னு ஒண்ணு வந்திருக்கே, நீ பேசிட்டிருக்கியே" என்று குழறினார்.

புதிய கூண்டில் 'கேட்டால் மட்டும் அனுப்பு' என்ற பழைய தேர்வு வந்து சேரவில்லை. கண்ணைத் திறந்ததும் தன் முன்னால் ஒரு வரிசை நிற்பதைப் பார்த்த புறா, கடமை தவறாமல் அத்தனையையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம். நாங்கள் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் குடும்பத்தின் மூத்த தலைமுறை மொத்தமும், இளைய தலைமுறையில் பாதியும் காலமாகிவிட்டது. வீட்டுத் தொலைபேசி அடித்தது. பெரியப்பா.

"என்னய்யா, என் மகனுக்கு ஆறுதல் சொல்லியிருக்க? நான் இங்க உக்காந்து பேப்பர் படிக்கிறேன். பக்கத்துல அவன் நின்னு என்னை ஒரு மாதிரியா பாக்குறான்!"

தொழிற்சாலை மேலாளரின் அம்மா போய்விட்டார். அவருடைய மாமியாரும் போய்விட்டார். இரண்டு பேருமே எளிமையின் உருவங்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கடைக்காரர் கேபிளைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, "நான்தான் கேட்டேனே சார், ஏதாவது நிக்குதான்னு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

இதெல்லாம் சத்தம். சத்தத்துக்கு நடுவில் அக்கா ஆஸ்பத்திரி ஜன்னலை ஓரமாக நகர்த்தினாள். அவளுடைய அஞ்சல் பெட்டியும் புறாவில்தான் இருந்தது, அத்தான்தான் செய்து கொடுத்திருந்தார். அதில் புதிதாக ஒன்று வந்திருந்தது. மனைவி செத்த செய்தியைக் 'குடும்பம்' என்ற தொகுப்புக்கு அனுப்ப வைத்தவர், அந்தத் தொகுப்பில் மனைவியும் இருக்கிறாள் என்பதைக் கோட்டை விட்டுவிட்டார்.

"வேணாம்" என்றார் அத்தான். கையை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றுவிட்டது.

அதையும் அவள் வாய்விட்டே படித்தாள். அதே குரல், அதே வேகம்.

"'என் அன்பு மனைவி, நீண்டநாள் உடல்நலக் குறைவுக்குப் பின், இன்று அமைதியாக மறைந்தாள் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கடைசி மாதங்களில் இரவும் பகலும் அருகிலேயே இருந்து கவனித்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதே என் ஆறுதல். என் துயரத்தில் பங்குகொள்ள விரும்புவோர் வீட்டுக்கு வரலாம்.'"

அழுவாள் என்று நினைத்தேன். மயங்கி விழுவாள் என்று பயந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"என் பேர்ல ஒரு நல்ல குணம்கூடப் போடலையே" என்றாள். "எளிமையின் உருவம்னாவது போட்டிருக்கலாம்."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி. இரவும் பகலும் பக்கத்துல இருந்தேன்னு எழுதிட்டீங்க. எல்லாருக்கும் போயிடுச்சு. இனிமே இருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, ஒற்றை விரலால், எல்லோருக்கும் பதில் எழுதினாள்: 'நான் இருக்கிறேன். கடைசி மாதங்கள் இனிமேல்தான். அவர் இரவும் பகலும் அருகிலேயே இருப்பதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார். வந்து பார்த்துக்கொள்ளவும்.'

வந்தார்கள். கல்யாணத்துக்குக்கூட அப்படித் திரண்டு வந்திருக்க மாட்டார்கள். துக்கம் விசாரிக்கக் கிளம்பியவர்கள் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா வாசலிலிருந்தே, "பொணம் வந்திருக்கு, காபி கொண்டா" என்று குரல் கொடுத்தார். மேலாளர் மட்டும் வரவில்லை. அதன் பிறகு தொழிற்சாலையில் இரங்கல் அனுப்பும் வேலை வேறொருவருக்குப் போனது. ஓய்வு பெறும் நாள்வரை அத்தானை அங்கே யாரும் எந்தச் சாவுக்கும் அழைக்கவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அத்தானும் கூடவே போனார். கட்டில் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி. அக்காவின் ரத்தம் குழாயில் போய் வருகிற நேரம் முழுவதும் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அவரோடு பேசமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டே அவ்வப்போது கேட்பாள்:

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அது மட்டும்தான் பேச்சு. ராத்திரியும் அதே கேள்வி, அதே பதில். தூங்கிப்போய்ப் பதில் சொல்லாவிட்டால் இன்னும் சத்தமாகக் கேட்பாள். சொந்தக்காரர்கள் போன் செய்து, "பக்கத்துலதான் இருக்காரா?" என்று விசாரிப்பார்கள். "கேட்டுச் சொல்றேன்" என்பாள் அக்கா. என் அக்காவுக்குள் இப்படியொரு கடுமை இருந்தது என்று எனக்கே தெரியாது. பார்க்க நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு மறுபடி பதிவு செய்யப் போனோம். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அறுவை சிகிச்சையைத் தாங்காது என்றார்கள். முதலில் கூப்பிட்டபோது வந்திருந்தால்... என்று டாக்டர் ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தான் அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புறாவைத் திறந்தார். மற்ற எல்லாக் கடிதங்களையும் அவர் எப்போதோ அழித்துவிட்டார், 'கேட்டால் மட்டும் அனுப்பு' என்பதையும் மறுபடி வைத்துவிட்டார். அக்காவுடையதை மட்டும், எல்லாக் கடிதமும் போய்விட்ட அன்றைக்கே, 'அதை மறுபடி வரிசையில வைங்க' என்று அவளே சொல்லியிருந்தாள்.

"இதை அழிச்சிடட்டுமா?" என்று கெஞ்சினார்.

"எதுக்கு? தேதி ஒண்ணுதானே பாக்கி. உங்களுக்கு வேலை முன்கூட்டியே முடிஞ்சிருக்கணுமே."

அவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமாகப் படாது. பிடிக்காமல்தான் சொல்கிறேன். செய்தார். அவளுக்கு டாக்டர் அனுமதித்திருந்த தண்ணீரைச் சின்ன டம்ளரில் அளந்து கொடுத்தார். கால் கழுவிவிட்டார். அரிப்பெடுத்த முதுகில் எண்ணெய் தடவினார். ராத்திரியில் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். ஒரு தடவை, ஆஸ்பத்திரியில், அவள் கண்ணைத் திறக்காமலே, "முதுகு வலிக்குதா? வேற நாற்காலி கேளுங்களேன்" என்றாள். அதற்கு அவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் உடனே, "இருக்கீங்களா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு காலை அவள் அதைக் கேட்கவில்லை. பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, அவள் கேட்பாள் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கிறார். பிறகுதான் எனக்குப் போன் செய்தார். "கொஞ்சம் வரியாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கணினி முன்னால் இருந்தார். கடிதத்தைத் திறந்து வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நீண்டநாள் உடல்நலக் குறைவு. ஆமாம். அமைதியாக மறைந்தாள். ஆமாம். இரவும் பகலும் அருகிலேயே இருந்து கவனித்துக்கொண்டேன். ஆமாம், அதுவும். பொய்யாக எழுதி வைத்த கடிதத்தில் இப்போது ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தேதி போட்டார். 'குடும்பம்' என்ற தொகுப்பைத் திறந்து அக்காவின் முகவரியை எடுத்தார். அதற்கு மட்டும் வெகுநேரம் ஆனது. பிறகு பொத்தானைத் தட்டினார்.

காத்திருந்தோம். போன் அடிக்கவில்லை. வாசலில் யாரும் வரவில்லை. அக்கா உள்ளே போர்வைக்குள் கிடந்தாள். வெளியே தெருவில் அவரவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் புறாவில் ஒரு பதில் வந்தது. சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. பிறகு இன்னொன்று: 'புறாவுக்கு மறுபடியும் காய்ச்சலா?' அப்புறம் தொழிற்சாலைப் பழைய நண்பரிடமிருந்து: 'திரும்பவும் சிஸ்டம் மாத்திட்டீங்களா சார்?'

ஒரு வருடமாக எங்கள் குடும்பம் எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது. அதே கடிதம், அதே வார்த்தைகள். யார் நம்புவார்கள்?

நான் கைபேசியை எடுத்தேன். பெரியப்பாவின் எண்ணைத் தட்டினேன். பிறகு எனக்கு என்ன தோன்றியதோ, அதை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே சொல்லுங்க. வாயால சொல்லுங்க."

வாழ்நாளில் எத்தனையோ சாவுகளைச் சொன்ன மனிதர். ஒன்றைக்கூட வாயால் சொன்னதில்லை. எதிர்முனையில் பெரியப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"யாரு, இரங்கலாரா? என்ன, இன்னைக்கு யாரையெல்லாம் கொன்னிருக்கு உங்க புறா?"

அத்தான் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

"மாமா... அவ போயிட்டா."

பெரியப்பா சிரித்தார். "போன தடவையும் இப்படித்தானே..."

"இல்ல மாமா. நிஜமாத்தான்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் மாமா."

பிறகு அடுத்த எண். அவர்களும் முதலில் சிரித்தார்கள். அவர்களுக்கும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த எண். நான் உதவிக்குப் போகவில்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, வீக்கம் வடிந்து சின்னதாகிப்போன அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கெல்லாம் அவருக்குக் குரல் போய்விட்டது. அப்போதும் பக்கத்து அறையிலிருந்து, யாரோ ஒருவரிடம், "நிஜமாத்தான், நிஜமாத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.